ஜீப்பின் முன் சீட்டு

கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் நாங்கள் போகும் ஜீப்பைச் சின்னப்பராஜ் அண்ணன்தான் ஓட்டுகிறார். விடியற்காலையில் அவர் கண் அசந்துவிடாமல் இருக்க, முன் சீட்டில் உட்காருகிறவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். அது ஜீப் வழக்கம். இப்போதெல்லாம் நாங்கள் உம் கொட்டுவதோடு சரி. கண் போனில்தான் இருக்கும்.

ஒருநாள் மலை வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"ஒரு மனுசன் இங்கன இருக்கேன். மூஞ்சியப் பாத்துப் பேச ஒரு ஆள் இல்ல. போனை எல்லாம் உள்ள வைங்க!"

முன் சீட்டிலிருந்த லூர்து மேரி அக்காவுக்குச் சுருக்கென்றது.

"எங்கண்ணே பேசவிட்டீக? ஏறுனதுலருந்து நீங்கதான பேசுறீக. எம் மக நர்சிங் படிக்கப் போனத மூணு நாளு சொல்ல வந்தேன். மூணு நாளும் ஒங்க கதைக்கே போயிட்டீக. இவளுகளுக்குப் போன்லதான் சொன்னேன்."

நன்றாகக் கேட்டாள் என்று பின் சீட்டில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அண்ணன் வண்டியை எடுத்தார். இரண்டு வளைவு தாண்டியதும், "மக பேரு என்ன மேரி?" என்றார்.

"பெனிட்டா."

அப்புறம் தோட்டம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை, அக்காதான் பேசினாள். மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, உலை வைக்க மனசில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளாம்.

மகள் போன சேதியை அக்கா போட்ட அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மற்ற பத்துப் பேரும் கைதட்டும் படம் போட்டிருந்தோம்.