பதினேழாம் நம்பர் பாயிண்ட்

பலகைக்கு வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும்தான். மீதி ஆள் அடியில் மல்லாந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு பச்சை வயரைப் பல்லில் கடித்தபடி கிடக்கிறார். கடித்திருப்பவை சொந்தப் பற்கள். ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

வாரம் முழுக்க மெழுகு ஈறுகளில் பல் பதிக்கும் அந்த விரல்கள் ஞாயிறு மதியமானால் ரயிலுக்கு வந்துவிடும். மாடி அறையை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை. அதன்மேல் ஒரு குட்டி ஊர். ஸ்டேஷன் உண்டு, குன்று உண்டு, கண்ணாடித் துண்டால் ஆன குளம் உண்டு, எந்த வண்டிக்கு என்று தெரியாமல் பெட்டியோடு நிற்கும் விரல்நுனி ஜனங்களும் உண்டு. திரைச்சீலை வழியாக மஞ்சள் வெயில் விழும்போது அந்த ஊரிலும் சாயங்காலம் ஆகிவிடும். அந்த நேரத்தில் உள்ளே வருகிறவர்கள் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மேலே, ரயிலை ஓட்டுகிற பொத்தான் வைத்த கைப்பெட்டியோடு நிற்பவர் அவர் மனைவி. பள்ளி வேன் ஓட்டுகிறார், தெருவுக்கே வேன்காரம்மா. வாரமெல்லாம் கத்துகிற பிள்ளைகளை ஏற்றி இறக்கியவருக்கு, வாயே திறக்காத பயணிகள் ஏறும் இந்த ரயில்மேல் தனிப் பிரியம். ஓட்டுவது அவர், அடியில் கிடந்து வழி அமைத்துக்கொடுப்பது இவர். குடித்தனமும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம் பாயிண்ட். ஒவ்வொரு பாயிண்டுக்கும் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார், அதோடு டிகோடர் என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்கென்று ஒரு நம்பர். கைப்பெட்டியில் அந்த நம்பரை அழுத்தினால் அந்த மோட்டார் மட்டும் திரும்பும்.

"நம்ம வீட்டுல ஒருத்தரைக் கூப்பிட்டா நாலு பேரு என்னான்னு கேப்பாங்க. இதுங்க அப்படி இல்ல பாருங்க" என்பார் பல் செட்காரர், வந்தவர்களிடம்.

நம்பர் வைப்பதும் சுலபம்தான். டிகோடரின் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு சிமிட்டும். சிமிட்டும்போது மேலிருந்து எந்த நம்பர் வந்தாலும் அதையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும். "இப்ப குடு" என்பார் பல் செட்காரர். வேன்காரம்மா நம்பரைக் கொடுப்பார். அப்புறம் திருப்பிப் பார்த்து, "நேர்னு அமுக்கினா வளைவுக்குப் போகுதுங்க" என்றால் இவர் மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுவார். மோட்டார் 'டக்' என்னும். அந்த டக் முழுசாக விழுந்ததா, பாதியில் மக்கர் செய்ததா என்று காதாலேயே சொல்லிவிடுவார்.

இதற்கு நடுவில்தான் அவர்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்வார்கள். முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்குமே தோதாக இருந்தது. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்ற சேதிகூடப் பலகைக்கு மேலிருந்துதான் வந்தது. இவர் ஒரு ஸ்குரூவை நிதானமாக முடுக்கி முடித்துவிட்டு, "பையன் நல்லா சாப்பிடுவானா?" என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச காலமாக அந்த டக் அவருக்குக் கேட்கவில்லை. முதலில் மோட்டார்மேல் பழியைப் போட்டு, கழற்றிக் கழற்றி மாட்டினார். மனைவியின் குரலும் பஞ்சில் சுற்றியதுபோல வரத் தொடங்கியதும் விஷயம் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. டக்கை விரல் வைத்துத் தெரிந்துகொண்டார். பேச்சுக்கு "ம்", "ஆமாமா" என்று குத்துமதிப்பாகச் சமாளித்தார். எதிரே நின்றால் உதட்டைப் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம், பலகைக்கு அடியில் உதட்டுக்கு எங்கே போவது? காது போவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தெரிந்தால், "இனிமே எதுக்கு அடியில கெடந்து கஷ்டப்படறீங்க, வெளிய வாங்க" என்று அவள் சொல்லிவிடுவாளே, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அதோடு நின்றுவிடுமே என்றுதான் பயந்தார். சின்னப் பிள்ளைபோல நிஜமாகவே பயந்தார்.

போன ஞாயிறு, சரக்கு வண்டிப் பாதையில் புதிதாக ஒரு பாயிண்ட். அதற்கு இருபதாம் நம்பர் என்று பேச்சு. பொத்தானை அமுக்கினார், விளக்கு சிமிட்டியது.

"கொஞ்சம் பொறுங்க, ஸ்டேஷன்ல நிக்கிற வண்டியைப் பதினேழுல ஓரங்கட்டிட்டு வரேன்" என்றார் வேன்காரம்மா.

இவருக்குக் கேட்டது ஏதோ ஒரு குரல். "ம், குடு" என்றார். அவரும் பதினேழை அழுத்தினார். புது டிகோடர் பதினேழைத் தன் பெயராக வாங்கிக்கொண்டு விளக்கை அணைத்தது. பிறகு வேன்காரம்மா இருபதை அழுத்தியபோது அதை வாங்கிக்கொள்ள எந்த விளக்கும் சிமிட்டிக்கொண்டிருக்கவில்லை. பல் செட்காரருக்குப் பரம திருப்தி.

சரக்கு வண்டி கிளம்பியது. அது புதுப் பாயிண்டைக் கடந்துகொண்டிருக்கும்போது வேன்காரம்மா, ஓரங்கட்டிய வண்டியை வெளியே எடுக்க மறுபடி பதினேழை அழுத்தினார். இரண்டு பாயிண்டும் சேர்ந்து திரும்பின. சரக்கு வண்டியின் முன்பாதி ஒரு வழி, பின்பாதி ஒரு வழி. கடைசிப் பெட்டி சடசடவென்று போய்க் கண்ணாடிக் குளத்தில் கவிழ்ந்தது.

பலகைக்கு வெளியே இருந்த கால்கள் அசையவே இல்லை.

சற்றுப் பொறுத்து மனைவியின் முகம் பலகைக்கு அடியில் தலைகீழாகத் தெரிந்தது.

"வண்டி கவுந்துடுச்சு. கேக்கல?"

உதட்டைப் பார்த்துவிட்டார். "கேட்டுச்சே!"

"அப்புறம் நான் என்ன சொன்னேன்?"

"வளைவுன்ன."

"வீடு தீப்பிடிச்சு எரியுதுன்னேன். ஆமாமான்னீங்க."

பல் செட்காரர் வயரைப் பல்லிலிருந்து எடுத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்னை வெளிய வரச் சொல்லிடுவ" என்றார். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் கண் கலங்கியது நன்றாகவே தெரிந்தது.

உதடு தெரியும்படி வேன்காரம்மா இன்னும் கொஞ்சம் குனிந்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அது வேற கதை. இப்ப இந்தப் பதினேழை யாரு இருபதாக்குறது? பொத்தானை அமுக்குங்க. ஒரு தட்டு தட்டினா நேர், ரெண்டு தட்டினா வளைவு."

"எதுல தட்டுவ?"

"கால்லதான். புருஷனை உதைக்க இன்னைக்குத்தான் எனக்கு ஒரு வழி கெடச்சிருக்கு" என்று செருப்பைக் கழற்றினார்.

விளக்கு சிமிட்டியது. "இப்ப குடு." நம்பர் வந்தது, விளக்கு அடங்கியது. உள்ளங்காலில் ஒரு தட்டு, விரலுக்கடியில் மோட்டார் துள்ளியது. இரண்டு தட்டு, மறுபடி துள்ளியது. மேலே ரயில் புறப்பட்ட அதிர்வு பலகை வழியாக அவர் கைக்கு வந்தது.

பிறகு மூன்று தட்டு. மூன்றுக்கு அவர்கள் எதுவும் பேசிவைத்திருக்கவில்லை.

உள்ளே ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பலகைக்கு வெளியே நீண்டிருந்த காலின் கட்டைவிரல் மெதுவாக வளைந்து, மனைவியின் கால் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.