வெடியுப்பு பூத்த நிலம்

ஏரிச் சேற்றில் சிக்கி ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் செத்தாள். அவள் அங்கே போக நேர்ந்தது என்னால்தான். முன்கூட்டியே எனக்குச் சொல்லியும் இருந்தார்கள். கேட்டுக் கேலி பேசினேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தமிழும் தெலுங்கும் முறையாகப் படித்தவன்; அவர்கள் பாஷையையும் எழுதப் பேசக் கற்றவன். அதனால் என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கோட்டைக்கு வெளியே வெடிமருந்து இடிக்கும் ஆலை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய வெடியுப்பு உள்நாட்டிலிருந்து திருப்பாலைவனம் வழியாக மாட்டு வண்டிகளில் வரும். ஒரு வருஷம் உள்நாட்டில் சண்டை, வண்டிகள் வரவில்லை. ஆலையில் உலக்கைகள் சும்மா கிடந்தன.

வெடியுப்பு எங்கே விளையும் என்று எனக்குத் தெரியும். மனிதரும் மாடும் வெகுகாலம் மலஜலம் கழித்த மண்ணில், மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் உப்பு தங்கும். ஏரிக்கரை மீனவக் குப்பத்துக்குப் பின்னால் அப்படி ஒரு மேடு இருந்தது. காரைமுள்ளும் ஈச்சம்புதரும் ஆள் உயரம் வளர்ந்து அதைச் சுற்றிலும் மறைத்திருந்தன. குப்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒதுங்கிய இடம். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

நான் போனேன். நடுப்பகல், யாரும் இல்லை. புதரோரத்தில் மண் வெளுத்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். சில்லென்றிருந்தது; கடலுப்பு அப்படி இருக்காது. கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து நெருப்புத் துண்டின்மேல் போட்டேன். சீறிப் பற்றியது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது உடல் கூசுகிறது.

குப்பத்து ஆண்களைக் கூட்டிப் பேசினேன். மீன்பாடு இல்லாத காலம். மண் சுரண்ட, விறகு வெட்ட, உப்புக் காய்ச்சக் கூலி என்றதும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவன் சொன்னான்: “எங்க ஆயா ஒண்ணும் சேத்து வெக்காம பூட்சுனு எங்க நைனா பொலம்பிக்கினே இருக்கும். இப்பதான தெரியுது, எம்மாம் சேத்து வெச்சிருக்குதுனு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“பொம்பளைங்க?” என்று ஒரு கிழவர் மட்டும் இழுத்தார்.

“அதுங்க எங்கியாச்சும் போவும், பெரிப்பா” என்றான் அவன். பேச்சு அதோடு முடிந்தது.

காய்ச்ச விறகு வேண்டும், சாம்பலும் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அந்தப் புதர்தான். அதை வெட்டி எரித்தார்கள். இரண்டு தேவையும் ஒரே இடத்தில் தீர்ந்தது என்று என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். மேடு மொட்டையாயிற்று. பகலெல்லாம் ஆண்கள் அங்கே அடுப்பெரித்தார்கள். ஆலைக்கு உப்பு போயிற்று. யாருக்கும் வேண்டாத கழிவைச் சரக்காக்கியவன் என்று கோட்டையில் எனக்குப் பெயர் வந்தது.

எங்கள் வீட்டுக்கு ஒருத்தி நண்டு கொண்டுவருவாள். ஏரியில் கையாலேயே துழாவிப் பிடிப்பவள். ஒரு நாள் கொல்லைப்புறத்தில் அவள் என் மனைவியிடம் பேசியது உள்ளே எனக்குக் கேட்டது.

“அய்யா கிட்ட நீதாம்மா சொல்லணும். நான் போயி இன்னானு சொல்லுவேன்? கஞ்சிக்கு வழி வந்துச்சுனு எங்க ஆம்பளைங்க குதிக்கிறானுங்க. நாங்க குந்தறதுக்கு வழி இன்னானு ஒருத்தனும் கேக்கல. சேத்துப் பக்கம் போய்னு வரோம். எம்மருமவ மாசமா கீறா. அங்க போவணுமேனு பயந்துக்கினு தண்ணி கூட குடிக்க மாட்டேங்கறா.”

மனைவி உள்ளே வருமுன்பே, வெளியே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று நான் குரல் கொடுத்தேன். “இம்மாம் பெரிய ஏரியில எடமா இல்லனு கேளு.”

“கேட்டுச்சும்மா” என்றாள் அவள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசி மழையில் ஆற்று வெள்ளம் ஏரியில் வந்து கலந்தது. மண் சுரண்டும் வேலை நின்றுவிட்டது. ஆனால் மேட்டில் மறைப்பு இல்லை. குப்பத்தின் எந்த வாசலிலிருந்து பார்த்தாலும் மறுபக்கம் வரை தெரியும். பெண்கள் துணை சேர்த்துக்கொண்டு சேற்றுப் பக்கமே போய்வந்தார்கள். ஒரு மாலை நண்டுக்காரி நண்டு விற்றுவிட்டுத் திரும்ப நேரமாயிற்று. அதுவரை பொறுக்க முடியாமல் அவள் மருமகள் தனியே போயிருக்கிறாள். கண்டல் மரங்களுக்கு அப்பால் சேறு இளகியிருந்தது. கால் புதைந்து, அந்த வயிற்றோடு அவளால் ஏறி வர முடியவில்லை. காலையில் வலைக்குப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். அவள் கணவன் என்னிடம் கூலிக்கு வந்தவன். அந்தப் புதரை வெட்டியவர்களில் அவனும் ஒருவன்.

நான் தொழிலை நிறுத்தினேன். மண் வற்றிவிட்டது என்று கோட்டையில் சொன்னேன். குப்பத்து ஆண்கள் வந்து நின்றார்கள். “செத்தவ செத்துட்டா. எங்க கூலிய ஏன் சாவடிக்கிறீங்க?” என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மேட்டைச் சுற்றி ஈச்சங்கன்றும் காரைக்கன்றும் நட்டேன். கோடையில் ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஆள் வராத நாளில் நானே குடம் சுமந்தேன். உள்ளே பனையோலைத் தட்டி கட்டி வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. தட்டிக்குள் ஆடு கட்டினார்கள். நண்டுக்காரி எங்கள் தெருப் பக்கமே வருவதை விட்டுவிட்டாள்.

வருஷங்கள் போயின. கன்றுகள் புதராயின. எனக்கும் வயதாகி வேலையை விட்டேன். சென்ற மாசியில் கோட்டையின் புதுக் கணக்கப்பிள்ளை தேடி வந்தான். குப்பத்து மேட்டில் மண் வெளுத்திருக்கிறதாம். வெடியுப்புதானா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

போனோம். புதரோரம் மாவு தூவியதுபோல் இருந்தது. பெண்கள் அங்கே திரும்ப வரத் தொடங்கிப் பல காலம் ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய கதை அறியாமல் வாழ்க்கைப்பட்டு வந்த இளம்பெண்களாக இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். சில்லென்றிருந்தது.

“இன்னாங்க அய்யா?”

“கடலுப்பு. காய்ச்சினா வெறகுதான் தண்டம். நீயும் வாயில போட்டுப் பாரேன்.”

அவன் மண்ணையும் என் வாயையும் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினான். “வேணாங்க. நீங்க சொன்னா சரிதான்.”

அந்த மேட்டை இனி யாரும் தொட மாட்டார்கள், நீயும் அங்கேயே போகலாம் என்று நண்டுக்காரியைக் கரையில் பார்த்துச் சொல்லும்படி மனைவியை அனுப்பினேன். அவள் கேட்டுக்கொண்டாளாம். பிறகு சொன்னாளாம்: “ஏரில எடம் கீதுனு அய்யாதான சொன்னாரு. எனக்கு அங்கியே பழகிடுச்சும்மா.”

பொழுது சாயும் நேரத்தில், கையில் கோலோடு, சேற்றில் ஊன்றிப் பார்த்துப் பார்த்து அவள் இன்னும் அந்தப் பக்கம்தான் போகிறாள். நான் ஏரிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிடுகிறேன். அவள் கரையேறியிருப்பாள் என்று தோன்றும் வரை திறப்பதில்லை.