ஹூஸ்டனிலிருந்து பொஸ்டனுக்கு நான்கு மணித்தியாலம்

யுத்த காலத்தில் திருகோணமலையில் எவரும் தூரத்தை வைத்துப் பயண நேரத்தைக் கணித்ததில்லை. குடாவின் அக்கரையில் கண்ணுக்குத் தெரியும் மூதூருக்குப் புறப்படுபவர்கூடச் சோதனைச் சாவடிகளுக்கென்று அரை நாளைக் கூட்டியே சொல்வார். பட்டப்படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த எனக்கும் அந்தக் கூட்டல் பழகியிருந்தது. அமெரிக்காவிலும் எதையாவது கூட்ட வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

துறைமுகத்துக்கு அருகே எங்கள் அடுத்த வீட்டில் சம்பூரைச் சேர்ந்த ஒரு மாமி தனியே இருந்தார். கணவர் காலமாகியிருந்தார். மூத்த மகன் ஹூஸ்டனில், இளையவன் பொஸ்டனில். ஒரு பின்னேரம் அவர் தொலைபேசிக் கடையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இளையவன் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஒரு நாள் தாங்குவதே கடினம் என்று மூத்தவன் அழைத்துச் சொல்லியிருந்தான். தான் முதல் விமானத்தில் புறப்படுவதாகவும், அதற்கிடையில் பொஸ்டனிலேயே வசிக்கும் பெரியப்பாவின் மகனைப் போகச் சொல்லவா என்றும் கேட்டிருந்தான். காணி எல்லை வேலியில் மூண்ட சண்டையால் அந்தக் குடும்பத்தோடு பல வருடங்களாகப் பேச்சில்லை. பதிலுக்காக அவன் மறுபடி அழைக்க இருந்தான்.

“மூத்தவன் எவ்வளவு நேரத்தில போய்ச் சேருவான் தம்பி? அதைப் பாத்துத்தான் அவையளிட்டக் கேக்கிறதோ விடுறதோ எண்டு சொல்லவேணும்.”

அட்லஸை விரித்து அடிமட்டத்தை வைத்து அளந்தேன். விமானத்தின் வேகத்தால் வகுத்தேன்.

“ஆயிரத்து அறுநூறு மைல் வரும் மாமி. நாலு மணித்தியாலம்.”

“நாலோ? அதுக்குள்ள இஞ்சையிருந்து மூதூருக்கே போக ஏலாது. வழியில மறிச்சு இறக்க மாட்டாங்களோ?”

“அங்க சண்டை இல்லையே.”

“ஓம், அதுவும் சரிதான். அப்ப அவையளின்ர காலில விழத் தேவையில்லை.”

அவர் நிம்மதியோடு கடைக்குத் திரும்பினார். என் படிப்பு ஒருவருக்குப் பயன்பட்டதென்று எனக்கும் திருப்தியாக இருந்தது.

அன்று பொஸ்டனில் பனி கொட்டியது. விமான நிலையத்தை மூடினார்கள். மறுநாள் மத்தியானம் மூத்தவன் அழைத்தபோது, இடைவழியில் வேறொரு நகரத்து விமான நிலையத்தில் காத்திருந்தான். தம்பி போய்விட்டான் என்ற செய்தி அங்கேதான் அவனுக்குக் கிடைத்தது. உயிர் பிரிந்த நேரத்தில் இளையவனின் பக்கத்தில் சொந்தமென்று ஒருவரும் இருக்கவில்லை. மாமி அறிய வேண்டியிருந்தது போய்ச் சேரும் நேரம். நான் சொன்னது பறக்கும் நேரம். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாவடிக்குச் சாவடி நின்று வளர்ந்தவன் நான்.

மூன்றாம் நாள் அந்தப் பெரியப்பாவின் மகன் கடைக்கு அழைத்தான். மாமியைக் கைபிடித்துக் கூட்டிச் சென்றவன் நான்தான். அவனுடைய குரல் எனக்கும் கேட்குமளவுக்கு உரத்திருந்தது.

“ஏன் சின்னம்மா எனக்குச் சொல்லேல்லை? அந்த ஆஸ்பத்திரி என்ர வீட்டிலயிருந்து ரெண்டு தெருத் தள்ளித்தான். பனியெண்டாலும் நடந்தே போயிருப்பன்.”

வேலியைப் பற்றியோ என் கணக்கைப் பற்றியோ மாமி சொல்லியிருக்கலாம். நான் தலைகுனிந்து காத்து நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

“நீயும் தூரத்தில இருக்கிறாய் எண்டு நினைச்சிட்டன் ராசா,” என்றார்.