ஒரு டோக்கனில் ஒரு குடும்பம்

மெல்பர்னில் நான் போகிற கிளினிக்கின் கவுன்ட்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்: ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு நோவுதான். இரண்டாவதைச் சொன்னால் தனிக் கட்டணம். குடியேறிய புதிதில் இங்கே டாக்டரைப் பார்க்க நான் கையிலிருந்து காசு கொடுத்ததே இல்லை, உட்காரவைத்துப் பேசுவார்கள். இப்போது ரிசல்ட்டைப் போனில் சொல்லவும் பணம், வராமல் போனால் அபராதம். டாக்டர் பெரும்பாலும் கம்ப்யூட்டரைத்தான் பரிசோதிக்கிறார். மிச்ச நேரத்தில் முழங்காலைச் சொல்வதா, இடது மார்பில் சுருக்கென்று குத்துவதைச் சொல்வதா? முழங்காலைச் சொன்னேன். மார்பைச் சொன்னால் அது நிஜமாகிவிடுமே! அதை ஊர்ப் பயணத்துக்கென்று எடுத்துவைத்தேன். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே, பல், கண், இதயம் எல்லாவற்றையும் லீவுக்குச் சேர்த்துவைக்கிறோம்.

சிறுவயதில் சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு டாக்டர் இருந்தார். அப்பாவின் காய்ச்சலுக்கு வாங்கிய ஒரே டோக்கனில் அம்மாவின் கால்வலி, என் சொறி, அக்காவின் இருமல் எல்லாமே உள்ளே போய்விடும். எல்லாம் முடிந்து எழுந்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா திரும்புவாள். “அப்பறம் டாக்டர்...” என்பாள். உண்மையான நோவு அந்த அப்பறத்தில்தான் இருக்கும். அதற்குத்தான் அவர் காத்திருப்பார்.

போன லீவில் நான் போனபோது அவர் இல்லை. அக்கா வாழ்க்கைப்பட்ட கடலூரிலேயே ஒரு புது மருத்துவமனைக்குப் போனோம். மாமாவுக்கு சிப்காட்டில் பகல் ஷிப்ட் என்பதால் அக்காதான் துணை. பதிவுக்கு ஒரு கட்டணம், ஃபைலுக்கு ஒன்று, சீக்கிரம் பார்க்க இன்னொன்று. விமானத்தில் வரும்போதே மனைவிக்கு வங்கிப் பாஸ்வேர்டுகளை எழுதிவைத்த வீரன் நான், கேட்டதையெல்லாம் கட்டினேன்.

“என்னாடா மூஞ்சி, எழவுக்கு வந்தவன் மாதிரி? செத்தவனும் நீதான்னு வேற நெனச்சிக்கிற” என்றாள் அக்கா.

ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இளம் டாக்டர் நிமிர்ந்தார். “கேஸ் ட்ரபிள்தான் சார். காபியக் கொறைங்க.”

மறுபிறவி எடுத்தவனாக எழுந்தேன். என் பையைச் சுமந்துகொண்டிருந்த அக்கா கதவைப் பிடித்து நின்று, “அப்பறம் டாக்டர்...” என்றாள்.

“அவுங்களுக்குத் தனி ஃபைல் போடணும். கவுன்ட்டர்ல கட்டிட்டு வாங்கம்மா” என்றாள் நர்ஸ்.

“ஒன்னுமில்லம்மா, சும்மாதான்” என்று அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் காதில் வாங்கியும் வாங்காமலும் அதற்குள் படியிறங்கி, நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு ஃபைலுக்கான பணம் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

நான்கு மாதம் கழித்து மாமா போன் செய்தார். “மச்சான், ஒங்கக்காவுக்கு மார்ல கட்டியாம். ரொம்ப நாளாவே இருந்திருக்கு. ‘தம்பி வந்தப்பவே காட்டலாம்னுதான் போனேன், தனி ஃபைலுன்னாங்க, அவனுக்கு எதுக்கு ஜாஸ்தி செலவுன்னு வந்துட்டேன்’ங்கறா இப்ப.” நான் மாதக்கணக்கில் பயந்தது வெறும் காற்றுக்கு. அவள் ஒருமுறைகூடப் பயந்து காட்டவில்லை.

போன வாரம் அவளுடைய ரிப்போர்ட்டை அச்செடுத்துக்கொண்டு இங்குள்ள கிளினிக்குக்குப் போனேன்.

“உங்களுக்கா?” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

“அக்காவுக்கு.”

“அவர் இருப்பது எந்த சபர்ப், எந்தப் பகுதி?”

“கடலூர்.”

கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, மிகவும் வருந்தி, “அப்படி ஒன்று இல்லையே” என்றாள்.

டாக்டரும் வருந்தினார். “இவர் என் நோயாளி இல்லை. இன்றைக்கு உங்களுடைய பிரச்சினை என்ன?”

“இதுதான்” என்றேன். “இது ஒன்றுதான்.”

கையை நீட்டி ரிப்போர்ட்டை வாங்கினார். பிறகு வாசித்தார். சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம், மற்றதை அங்குள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். நேரம் முடிந்தது. எழுந்து கதவுப் பிடியில் கைவைத்தேன். கடலூரில் அக்கா பிடித்து நின்ற கதவும் இப்படித்தான் சில்லென்று இருந்திருக்கும். பிழைப்பாளா என்று இன்னும் கேட்கவில்லை. திரும்பினேன்.

“அப்பறம் டாக்டர்...” என்றேன், தமிழில்.

அவர் அடுத்தவர் பெயரைத் திரையில் தேடிக்கொண்டிருந்தார்.