பொட்டலத்தில் வந்த பல்கலைக்கழகம்

இங்கிலாந்தின் பேர்பெற்ற இரண்டு பழைய பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. இளநிலைப் படிப்பென்றால் ஏதாவது ஒன்றுதான். இந்த விதியை வீட்டில் சொன்னபோது, "ரெண்டுக்கும் போட்டு வச்சா அவனுக்கு என்ன நட்டம்?" என்று மாமா கொதித்தார். அவர் அம்மாவின் தம்பி. கோச்சடையில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். பெயர்கள் வாயில் நுழையாததால் வயதை வைத்து ஒன்றை மூத்தது என்றும் மற்றதை இளையது என்றும் வீட்டில் அழைத்தோம்.

எனக்கு மூத்ததுதான் வேண்டும். அப்பாவுக்கு அவனியாபுரத்தில் வீட்டை ஒட்டியே வெல்டிங் பட்டறை. பற்றவைத்த இடம் கெட்டியாக நிற்கும்போது அதை ஒட்டிய இரும்பு மட்டும் ஏன் விரிசல் விடுகிறது என்று சிறுவயதிலேயே அவரைக் கேட்டிருக்கிறேன். "அது அப்புடித்தான்" என்பார். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூத்ததில் முதல் நாளிலிருந்தே உலோகங்களைப் படிக்கலாம். இளையதில் எல்லாவற்றையும் பொதுவாகப் படித்துவிட்டுத்தான் அங்கே வந்து சேர வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது?

வீட்டில் மற்ற எல்லோருக்கும் இளையது. தூரத்துச் சொந்தத்தில் ஓர் அண்ணன் அந்த ஊரில் வேலையில் இருந்தார். வாக்குவாதம் முற்றியதும் அம்மா, "பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். ஒரு காகிதப் பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், வீடு எல்லாம் இப்படித்தான் முடிவாகும். சிவப்பு வந்தால் மூத்தது, வெள்ளை வந்தால் இளையது என்று பேச்சு. பொட்டலங்களை அம்மா வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணை மூடி நானே எடுத்தேன். வெள்ளை. மாமா கைதட்டினார். மற்றப் பொட்டலத்தை அம்மா சட்டென்று எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. சாமி என்ன வெல்டிங் பட்டறையா வைத்திருக்கிறது?

பத்து நாள் கழித்து, இயற்பியல் டீச்சரின் பரிந்துரையோடு மூத்ததற்கு விண்ணப்பத்தை அனுப்பினேன். வீட்டில் மூச்சு விடவில்லை; இளையதற்குப் போட்டதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இன்றைக்கு அதை வீரம் என்று பீற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு வெறும் பயம்தான். கிடைக்காமல் போனால், சாமி வாக்கை மீறியவள் என்ற பேச்சு ஆயுசுக்கும் நிற்கும். அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யவும் விடமாட்டார்கள்.

டிசம்பரில் கணினி வழியே நேர்காணல். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஏன் ஒடிகிறது என்று கேட்டார்கள். கட்டர் கைக்கு எட்டாதபோது அப்பா அப்படித்தான் கம்பியை ஒடிப்பார். மடங்குகிற இடம் சுடும், தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்றேன். அதிலிருந்து பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் குடைந்தார்கள். எனக்கோ எழுந்திருக்கவே மனமில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் மாமா எங்கள் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார். ஜல்லிக்கட்டுக்கு வருகிற கூட்டம் முழுக்கப் பார்க்கும் இடம். ஒரு பக்கம் காளை, மறுபக்கம் பள்ளிச் சீருடையில் நான், நடுவில் இளையதின் கோபுரமும் பெயரும். முடிவே வரவில்லையே மாமா என்றேன். "சாமியே சொல்லிருச்சு, அப்புறம் என்ன மருமகளே?" என்றார்.

அன்று பிற்பகல் மின்னஞ்சல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அவர்கள் கேட்ட மதிப்பெண்ணை எடுத்தால் இடம் உறுதி. நான் போட்ட கூச்சலில் அப்பா பட்டறையிலிருந்து கையுறையோடு ஓடிவந்தார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். கீழே இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

"இளையது இல்ல மாமா. மூத்ததுக்குத்தான் போட்டேன்."

மாமாவின் முகம் செத்துவிட்டது. "சாமி குத்தம் ஆயிருச்சேக்கா" என்று அம்மாவைப் பார்த்தார். மூன்று மாதமாக நான் பயந்த இடம் அதுதான்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சாமி ஒண்ணும் சொல்லலடா தம்பி. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் கட்டுனேன்."

"எதுக்குக்கா?"

"அங்க நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்ல. புள்ளைக்கு நேரத்துக்குச் சோறாவது கெடைக்கும்னு பாத்தேன்."

மூன்று மாதம் என்னை நடுங்க வைத்தது இவளா! கத்தத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. சாமியை ஏமாற்றியது அவள், வீட்டை ஏமாற்றியது நான். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். அப்பா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு மதிப்பெண்ணும் வந்தது, உதவித்தொகையும் வந்தது. ஆனாலும் மறுநாள் காலைக்கு ஈடாக எதுவும் இல்லை. மாமா ஏணி போட்டு ஏறி, இளையதின் பெயர்மேல் மூத்ததின் பெயரை ஒட்டினார். கோபுரத்தை மாற்ற நேரமில்லை. காளைகள் போகிற சத்தத்தில் யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள்? எங்கள் தெருக்காரர் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"நேத்து வேற பேருல்ல இருந்துச்சு? யாரு மாத்துனது?"

"எம்மகதான்" என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி.