சம்பந்தி ஏறிய கோட்டை

"ஜப்பானுக்கு வாறீங்களோ அம்மா?" என்று மகள் என்னைத்தான் முதலில் கேட்டாள். நான் சுவிஸில், ஆரா நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். வேலையில் ஃபெரியன் லீவு எடுப்பது கஷ்டம், முழங்கால் நோகிறது, அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க ஏலாது என்று சாட்டுகளை அடுக்கினேன். உள்ளுக்குள், அவள் இன்னொரு முறை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, மருமகனின் தாய் தங்களோடு வருவதாகச் சொன்னாள்.

மருமகன் சுவிஸ்காரர். அவருடைய தாய் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனால் விடுமுறை நாட்களில் தடியை எடுத்துக்கொண்டு மலையேறப் போகிறவர். நல்ல மனுஷி. என் பிறந்தநாளை என் கணவர் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லாதவர்மேல் பொறாமைப்படுவது பெரிய பாடு.

அவர்கள் திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டில் எல்லோரும் கூடினோம். மருமகன் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். அகழித் தண்ணீரில் நிழல் விழ, கறுப்புப் பலகைச் சுவரோடு ஒரு பழைய கோட்டை. அடுத்த படத்தில் சம்பந்தி, சப்பாத்துகளை ஒரு பையில் போட்டுக் கையில் பிடித்தபடி, காலில் வெறும் மேஸோடு செங்குத்தான மரப்படியில் நின்றார். இரண்டு படி கீழே என் மகள், அவருடைய கணுக்காலைப் பிடித்தபடி.

"ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கத் திரும்பினால், அது படியில்லை, ஏணி! உட்கார்ந்து அழுதுவிட்டேன்" என்று சம்பந்தி ஜெர்மனில் சொன்னார். "உங்கள் மகள்தான் என் காலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தாள். 'மெல்ல, மெல்ல' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கீழே வந்த பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. கால் பிடித்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் வீட்டு வார்த்தையையுமா கொடுக்கவேண்டும்?

"மலையேறுறவாவுக்கு ஒரு மரப்படி இறங்கப் பயமோ?" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

கணவர் என்னை முறைத்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று சம்பந்தி மகளிடம் கேட்டார். "உங்களுக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்கிறார்" என்று மகள் முகம் மாறாமல் ஜெர்மனில் சொன்னாள். சம்பந்தி நெகிழ்ந்துபோய் என் கையைத் தடவினார்.

கோப்பை கழுவப் போனபோது குசினிக்குள் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் உங்களைத்தானே முதல் கேட்டனான்?"

"ஓம். ஒருக்காத்தானே கேட்டனீ."

"எத்தினை தரம் கேக்கவேணும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஏலாது எண்டால் ஏலாதுதானே!"

அவள் இந்த நாட்டில் வளர்ந்தவள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் நானும் கணவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு ஜப்பானுக்குப் போனோம். ஏன் அந்த நாடு என்று அவர் கேட்கவில்லை; அவருக்குத் தெரியும். அந்தக் கோட்டை வாசலில், "நீர் ஏறிப்போட்டு வாரும், நான் கீழ இருக்கிறன்" என்று ஒரு வாங்கில் அமர்ந்துவிட்டார்.

நான் ஏறினேன். வில்லுக்கும் துவக்குக்கும் விட்ட துவாரங்களை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானோ அந்தப் படம் எந்தப் படியில் எடுத்தது என்று தேடிக்கொண்டு போனேன். கடைசித் தட்டுக்கு முந்திய படிதான். உச்சியில் குளிர்ந்த காற்று. ஜன்னலுக்கு அப்பால் மலைகள். மலை பார்க்கவா ஆராவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன் என்று சிரிப்பு வந்தது.

இறங்கத் திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. கீழே வெறும் மினுங்கும் மரமும் இருட்டும். என் காலைப் பிடிக்க ஒருவரும் இல்லை. பின்னால் வரிசை காத்து நிற்க, ஒவ்வொரு படியிலும் குந்தி இருந்து இருந்து இறங்கினேன். மகள்மேல் வந்த கோபத்தில் கண் கலங்கியது.

"எப்பிடி?" என்றார் கணவர்.

"நல்ல வடிவு" என்றேன்.

திரும்பி வந்த கிழமையே சம்பந்தி கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அமர்ந்த உடனேயே, "அந்தக் கடைசிப் படி?" என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் என்னைப்போல் அந்தப் படியில் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

"உட்கார்ந்தபடியேதான் இறங்கினேன். எனக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை" என்றேன்.

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரம் மகள் உள்ளே வந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் என்ன கதைக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.