இருளாயி தைத்த தாய்மாமன்

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் இருளாயி பேசுவாள். சிரிப்பதும் அப்படியே, பிள்ளைகளை அதட்டுவதும் அப்படியே. என்றைக்காவது விழுங்கித் தொலைக்கப் போகிறாள் என்று நான் பயந்தால், "முழுங்கினா வவுத்துக்குள்ளயே தச்சிக்கிட்டுக் கெடக்கும் லா, நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க" என்பாள். எங்கள் தோட்ட லயத்து வீடுகளுக்கெல்லாம் இருக்கிற ஒரே இரும்பு ஊசி அது. மற்றப் பெண்கள் நாங்கள் குடைக்கம்பியைக் கல்லில் தேய்த்து அதற்கு ஊசி என்று பேர் வைத்திருக்கிறோம். அவள் வாயை விட்டு அது இறங்காததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நான் ஈப்போ நகரத்துச் சிலிபின்காரி. அங்கே அரிசி அற்றுப்போய், மரவள்ளியாவது முளைக்குமே என்று லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு என் வீட்டுக்காரரோடு வந்து சேர்ந்தவள். ஜப்பான்காரன் வந்தபின் கித்தாப் பாலைக் கேட்பாருமில்லை, கட்டிக்கொள்ளத் துணியுமில்லை. இருளாயி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் சாக்குக் கிழிகிற சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். நாள் முழுக்கக் கூசிக்கொண்டேதான் இருக்கும்.

அரிசிச் சாக்கோ சீனிச் சாக்கோ, எது அகப்பட்டாலும் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, கல்லில் அறைந்து, வெட்டிச் சட்டையாக்கிவிடுவாள். நூலுக்கு அன்னாசி நார். அளவெடுப்பது கண்ணாலேயே. பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பார்வை நம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போனால், நாம் சொல்வதைக் கேட்கவில்லை, நம்மை அளக்கிறாள் என்று அர்த்தம். அவளுடைய இரண்டு பையன்களும் வயிற்றுக்குக் குறுக்கே சாக்கின் நீலக்கோடு ஓடும் சட்டையோடு திரிவார்கள். அரிப்புத் தாங்காமல் எருமைக்கன்று மாதிரி கித்தா மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். பெரியவன் ஒருநாள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மணமாக வந்தான். அவள் திட்டவில்லை. சட்டையை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிவிட்டு, "இப்ப அரிப்பு வெளிய போயிருச்சு பாரு" என்றாள். அவனும் நம்பிக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.

இப்படிப்பட்டவளுக்கு மகள் செல்லாயியின் காதுகுத்துத்தான் பெரிய தலைவலியாக வந்து சேர்ந்தது. மூன்று வயதுக்குள் குத்திவிட வேண்டும். நாலு இரட்டைப்படை, ஆகாது. தோடு இல்லையென்றால் ஈர்க்குச்சி போதும். விருந்துக்கு மரவள்ளிப் புட்டும் தேங்காய்ப்பூவும் போதும். ஆனால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டுமே. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி, பத்துமலை. போன வருஷம் எங்கள் தோட்டத்துக் கங்காணி ராமையா அவனைச் சயாமில் ரயில்பாதை போட அனுப்பிவைத்தார். மூன்று மாத வேலை, கைநிறையச் சம்பளம், வந்தவுடன் கல்யாணம் என்று சொல்லித்தான் லாரி ஏற்றினார். அவன் வரவும் இல்லை, அவனைப் பற்றித் தகவலும் இல்லை.

சித்தப்பன் மகன் மடியில் உட்காரவைக்கலாமே என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். உடன்பிறந்தவன் செத்திருந்தால்தான் வேறு மடி தேடுவார்கள் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். புருஷன் சதாசிவம் வாயில்லாப் பூச்சி. அவன் பேச்சு எடுபடவில்லை.

அப்புறம் ஒரு வாரம் விடாமல் சாக்குக் கிழிகிற சத்தம். பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தேன். இருளாயி கால் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம், கால்தான். இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு கால்கள், சாக்கில் வெட்டி, இலவம்பஞ்சு திணித்து, சப்பணம் போட்ட வாக்கில் மடக்கித் தைத்திருந்தாள். தொடை ஒவ்வொன்றும் தலையணைப் பருமன். இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லை. பத்துமலை விட்டுப்போன கைலியை அதற்குச் சுற்றிவிட்டிருந்தாள். அடிப் பாவி, தலை எங்கே என்று கேட்டேன்.

"மடிதானேக்கா வேணும்? தலைய வச்சா பொம்மையாயிரும். தலைய அவன் வாரப்பக் கொண்டாந்துக்குவான்."

லயமே திரண்டு வந்து பார்த்தது. வந்தவர்கள் சும்மா போகவில்லை. முட்டி இன்னும் கொஞ்சம் துருத்த வேண்டும் என்றாள் ஒருத்தி. பத்துமலைக்கு இடது கால் வளைசல் என்று இன்னொருத்தி நினைவுபடுத்த, இருளாயி அதைப் பிரித்து வளைசலாகத் தைத்தாள். சதாசிவம் மட்டும் தொடையைத் தட்டிப் பார்த்து, மச்சானுக்கு இவ்வளவு சதை கிடையாதே என்று முனகினான். சயாம் நெல் விளைகிற சீமை, சோறு தின்று தேறியிருப்பான் என்றாள் அவள்.

சேதி கங்காணி ராமையாவுக்கும் போயிற்று. காதுகுத்தன்று காலையில் தோட்டத்திலேயே மிச்சமிருந்த ஒரே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் ஒரு பேரைச் சொன்னால் அந்த ஆள் சயாம் லாரி ஏற வேண்டியதுதான். அடுத்த லாரிக்குச் சதாசிவத்தின் பேர் அடிபடுவதாக லயத்தில் ஏற்கெனவே முணுமுணுப்பு. அப்பேர்ப்பட்ட மனுஷன், தானும் மாமன் முறைதான், பிள்ளை தன் மடியில் உட்காரட்டும் என்றார். சதாசிவம் உடனே பாயை உதறிப் போட்டான். எனக்கும் அதுதான் புத்தி என்று பட்டது.

இருளாயி வாயிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"நீங்கதானே கங்காணியாரே சொன்னீங்க, மூணு மாசத்துல வந்துருவான்னு. வேலையா போனவன் எடத்துல நீங்களே உக்காந்துட்டா, அவன் வரமாட்டான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிருமே."

வரமாட்டான் என்றால் கங்காணி சொன்னது பொய். வருவான் என்றால் மடி அவனுடையது. ஆப்பசைத்த குரங்கு மாதிரி அப்படியே நின்றார்.

மனையில் சாக்குக் காலை வைத்துச் செல்லாயியை உட்காரவைத்தார்கள். பஞ்சு வழுக்கி அவள் பாயில் சரிந்தாள். மறுபடி தூக்கி வைத்தார்கள், மறுபடி சரிந்தாள். லகாட்டிலிருந்து வந்திருந்த ஆசாரி, மடி ஆடினால் ஓட்டை மூக்கில் விழும், தனக்குப் பொறுப்பில்லை என்று கம்பியைக் கீழே வைத்துவிட்டார். இருளாயி சுற்றிலும் பார்த்தாள். அவள் கண் கங்காணியின் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போயிற்று.

"ஒங்க தோளு அவன் அளவுதான். கீழ்ப்பாதி தம்பி இருக்கட்டும், மேல்பாதி நீங்க வாங்க."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர் உட்கார்ந்தார். சாக்குக் கால்களுக்குப் பின்னே வயிற்றை ஒட்டவைத்து, தன் சொந்தக் கால்களை இரண்டு பக்கமும் நீட்டி. அந்தக் கால்கள் கண்ணில் படாதிருக்க இருளாயி அவற்றின்மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டாள். மாமனுக்கு வெற்றிலை வைக்கும் நேரம் வந்தபோது பெண்களுக்குக் குழப்பம். கங்காணியின் கையில் கொடுப்பதா, மடியில் வைப்பதா? கடைசியில் சாக்கு முட்டியின்மேல் வைத்தார்கள். கம்பி படுமுன்பே செல்லாயி கங்காணியின் முகத்தை அண்ணாந்து பார்த்து வீரிட்டாள். பார்த்த வேகத்தில் மடியையும் நனைத்தாள், பின்னாலிருந்த வெள்ளை வேட்டியையும் நனைத்தாள். ஆசாரி காதைப் பிடித்திருந்ததால் அவர் அசைய முடியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிப்போய்ச் சிரித்துத் தீர்த்தேன்.

புட்டு தின்று எல்லோரும் கலைந்தபிறகும் கங்காணி போகவில்லை. ஈர வேட்டியோடு இருளாயியின் அடுப்படி வாசலில் நின்றார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாமே கேட்டது. அடுத்த லாரிக்குச் சதாசிவத்தின் பேரைத் தான் சொல்லப்போவதில்லை என்றார் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாகான் செராய்ல ஒருத்தன் தப்பிச்சு வந்திருக்கான், ஒன் தம்பிகூடப் போனவன். நான் போய்ப் பாத்தேன். பத்துமலைய சயாம்ல விட்டுட்டு வரயில உசுரு இருந்துச்சுங்கிறான். எப்படி இருந்தான்னு மட்டும் என்கிட்டக் கேக்காத இருளாயி."

அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் வெயிலில் காய்ந்த மடியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாக்கைச் சட்டைக்குப் பிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தொடைத் தையலை மட்டும் பிரித்து, உள்ளே கைவிட்டுப் பஞ்சை எடுத்தாள். பிடி பிடியாக எடுத்துப் பக்கத்தில் போட்டாள். எடுத்துவிட்டுப் பார்ப்பாள், பிறகும் எடுப்பாள். பிள்ளைகள் பறக்கிற பஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். இரண்டு காலும் மூங்கில் கழிபோல ஒல்லியான பிறகு தையலை மூடினாள். கைலியைச் சுற்றினாள். அது ஒரு சுற்றுக் கூடுதலாக வந்தது. அதை இழுத்து, அவன் இடுப்பில் நழுவாதபடி இறுக்கிச் செருகிவிட்டாள்.